சங்கின் மேல் ஒரு சாம்பல் புள்ளி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பீரோவிலிருந்து ஆல்பங்களை வெளியே எடுத்தேன். பயந்தது சரிதான். ஹைதராபாத் நிஜாம் காலத்துப் பக்கத்தில் இரண்டு தபால்தலைகளின் ஓரத்தில் பழுப்புப் பொட்டு விழுந்திருக்கிறது. ஈரத்தால் காகிதத்தில் பிடிக்கும் பூஞ்சை. எங்கள் தபால்தலை சங்கத்தில் இதைத் துரு என்போம். ஒன்றில் பிடித்தால் பக்கத்தில் இருப்பதையும் விடாது. ஒரு புறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். இந்த ஊரில் அப்பளமே அரைநாளில் நமுத்துப்போகிறது, தபால்தலை எம்மாத்திரம்.

முடிவு செய்துவிட்டேன். துரு பரவுவதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு தபால்தலையையும் தனித்தனிப் படமாகச் சேமித்துவிட வேண்டும். காகிதம் போனாலும் படம் நிற்கும். சங்கத்தின் வருஷக் கடைசிக் கூட்டத்தில் பேசச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். பெரிய திரையில் போட்டுக் காட்டலாம்.

இவரிடம் சொன்னேன். ஆல்பத்தில் இருப்பதை எதற்கு மறுபடி கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும் என்று கேட்டார். திருவெறும்பூரில் ஆயுசெல்லாம் பாய்லர் செய்தவருக்கு, பாய்லர் அளவு இல்லாத எதுவும் ஒரு பொருளாகத் தெரியாது. 

நவம்பர் 7, வெள்ளி

வேலை சூடுபிடித்துவிட்டது. முறை இதுதான்: ஸ்கேனர் கண்ணாடியின் மேல் எட்டு தபால்தலைகளை முகம் குப்புற அடுக்க வேண்டும், கையால் தொடாமல் இடுக்கியால். மேலே கறுப்புச் சார்ட் அட்டை. அட்டை கறுப்பாக இருந்தால்தான் தபால்தலையின் ஓரத்தில் இருக்கும் பல்வரிசை பளிச்சென்று தெரியும். பல் ஒன்று உடைந்திருந்தாலும் மதிப்பு போயிற்று. ஸ்கேன் ஆனதும் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் தனியே வெட்டி, தூசி தும்பு இருந்தால் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கறை நீக்கும் பிரஷ்ஷால் (பக்கத்து நிறத்தை இழுத்து மேலே பூசிவிடும்) துடைத்து, பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும்.

இவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரே கண்ணை வெச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் உட்காராதே" என்றார். அதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? என் இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. படித்தது, ஆபீசில் கணக்கு எழுதியது, தபால்தலை சேர்த்தது எல்லாம் வலது கண்தான். அதற்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்தாயிற்று. இனி அந்தக் கண்ணுக்கு ஆயுசுக்கும் குறையில்லை. காபியை எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்கேனர் மேல் சிந்தும் என்றேன். போய்விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

ஹைதராபாத் முடிந்தது. கொச்சி முடிந்தது. இடுப்பு போச்சு.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று திருவிதாங்கூர் ஆரம்பித்தேன். என் பொக்கிஷம். சட்டத்துக்குள் ஓவல், ஓவலுக்குள் சங்கு. கோட்டயத்துக்காரர் ஒருவரிடம் இரண்டு வருஷம் கடிதம் எழுதி எழுதிக் கெஞ்சி வாங்கிய ஆறு தபால்தலைகள் இதில் இருக்கின்றன. நாலு சக்கரம் பச்சை அதில் ஒன்று (சக்கரம் அந்தச் சமஸ்தானத்துக் காசு). பச்சை என்றால் துளிர் வெற்றிலைப் பச்சை.

அதன் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. சங்கின் மேலேயே. போன மாதம் இல்லை, சத்தியமாக இல்லை.

துரு என்றால் பழுப்பாக அல்லவா இருக்கும்? இது சாம்பல். ஓரத்தில் ஆரம்பிக்காமல் நடுவில் வந்திருக்கிறது. புதுவகைப் பூஞ்சையோ என்னவோ.

நவம்பர் 19, புதன்

ஆறிலும் இருக்கிறது. ஒரே இடத்தில், சங்கின் மேல்.

ஒரு விசித்திரம் பார்த்தேன். நேராகப் பார்த்தால் புள்ளி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மூலையில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் சங்கு சுத்தமாகத் தெரிகிறது, எழுத்து மங்குகிறது. வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்துப் பூஞ்சை தெரியும், மறையும் என்று எங்கோ படித்த ஞாபகம். மேஜை விளக்கை இடம் மாற்றி வைத்தேன். அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

திரையில் அதைப் பிரஷ்ஷால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. மறுபடி இழுத்தேன். இருக்கிறது. இன்னும் கொஞ்சம். ஓரக்கண்ணால் பார்த்தால் போய்விட்டது போல் இருக்கிறது, நேரே பார்த்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அடம் பிடித்தவள் நானா அதுவா என்று பார்த்துவிடலாம் என்று காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினேன்.

மாலையில் இவர் எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார். பின்னால் நிற்காதீங்க, எனக்குப் பிடிக்காது என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

பரவிவிட்டது.

இன்று பிரித்தது இந்தியா ஆல்பம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. திருவிதாங்கூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வேறு அட்டை, வேறு தட்டு. அதிலும் நடுவில் சாம்பல். இப்போது புள்ளி இல்லை, மிளகு அளவு இருந்தது புளியங்கொட்டை அளவு ஆகியிருக்கிறது. பறவை தபால்தலை ஒன்றில் பறவைக்குத் தலையே இல்லை.

என் கையிலிருந்து பரவுகிறதா? இடுக்கியிலிருந்தா? இடுக்கியைக் கொதிநீரில் போட்டேன். ஸ்கேனர் கண்ணாடியை ஸ்பிரிட் வைத்து மூன்று தடவை துடைத்தேன். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை என்று இவர் ஜன்னலைத் திறந்தார். மழைக்காற்று உள்ளே வருகிறது, மூடுங்க என்று கத்திவிட்டேன். ஈரம்தானே இதற்கெல்லாம் காரணம்.

நவம்பர் 29, சனி

ஆறு தபால்தலைகளையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

வேறு வழியில்லை. நோய் அதில்தான் தொடங்கியது. அழுகியதை எடுத்தால்தான் மற்றவை பிழைக்கும். செய்தித்தாளில் மடித்து, காய்கறித் தோலோடு குப்பைக் கூடையில். காலையில் மாநகராட்சி வண்டி வந்ததும் இவர் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். நான் பால்கனிக்குக்கூடப் போகவில்லை.

படம் இருக்கிறதே. அதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன். ஆறு படங்களையும் மறுபடி திறந்து நன்றாகத் துடைத்துச் சேமித்தேன். இனி அவை எனக்கு அங்கே மட்டும்தான்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. பால்கனிச் சுவரில் அகல் வரிசை வைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வரிசையின் நடுவில் ஒன்று அணைந்திருந்தது. தீப்பெட்டியோடு எழுந்து போனால் எல்லாம் எரிகின்றன. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அணைந்திருந்தது.

காற்று.

டிசம்பர் 8, திங்கள்

பல்வரிசை வளைகிறது. தபால்தலையின் ஓரம் ஸ்கேல் வைத்தது போல் நேராக இருக்க வேண்டும். திரையில் இடுப்பு ஒடிந்த மாதிரி உள்ளே வாங்கியிருக்கிறது. எல்லாவற்றிலும். இது பூஞ்சை இல்லை, எனக்கே தெரிகிறது. அப்பாடா என்று இருந்தது. ஸ்கேனர்தான் கெட்டிருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே ஏதோ படிந்து, அதுதான் எல்லாப் படத்திலும் நடுவில் சாம்பலாக விழுகிறது. நாளை மறுநாள் ரஃபீக்கிடம் கொண்டுபோகிறேன்.

அப்படியானால் அந்த ஆறு?

அதை நினைக்க மாட்டேன். ஆல்பத்தில் வைத்துப் பார்த்தபோதும் புள்ளி இருந்ததே.

டிசம்பர் 10, புதன்

ஆட்டோவில் மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு போனேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரஃபீக்கின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அவனும் எங்கள் சங்கத்து ஆள், விமானம் போட்ட தபால்தலை மட்டும் சேர்ப்பான். கூட்டத்தில் திரையும் புரொஜெக்டரும் அவன் பொறுப்பு. வயதில் சின்னவன், மரியாதை தெரிந்தவன். இதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஸ்கேனரைக் கழற்றிப் பார்த்தான். சுத்தமாக இருக்கிறது என்றான். கட்டம் போட்ட கிராஃப் தாள் ஒன்றை ஸ்கேன் பண்ணித் திரையில் காட்டினான். பார், நடுவில் எப்படிக் குழிந்து போகிறது என்றேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கோடெல்லாம் நேராத்தாம்மா இருக்கு."

கடையில் இருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்துக் காட்டினான். கோடும் ஸ்கேலும் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன என்றான். எனக்கு ஸ்கேலும் வளைந்திருந்தது. மட்டமான ஸ்கேல் என்றேன்.

அவன் ஸ்கேலை எடுத்த இடத்திலேயே வைத்தான். பிறகு மெதுவாக, "ஒரு தடவை கண் டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடுங்கம்மா" என்றான்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் மெஷினைக் காட்ட வந்தேன், கண்ணைக் காட்ட வரவில்லை. உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல், எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லாதே என்று கடையில் நின்ற நாலு பேர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு திருகாணிகளை மாட்டினான். ஆட்டோ வரைக்கும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்தான். 

இரும்பு ஸ்கேல் எப்படி வளையும்?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. அபார்ட்மெண்ட் வாசலில் கோலம் என் முறை. புள்ளி வைத்து இழுத்துவிட்டு மேலே வந்தேன். பால் பாக்கெட் வாங்க மறுபடி இறங்கினால், கீழ் வீட்டு மகாலட்சுமி குனிந்து என் கோலத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கத்தை அழித்துத் திரும்ப இழுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தாள். நாய் மிதிச்சிடுச்சுக்கா, அதான் சரிபண்ணேன் என்றாள்.

நாய் மிதித்த அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதுதான் தெரிகிறது.

டிசம்பர் 20, சனி

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். பனி விலகி வெயில் வந்துவிட்டது. ராஜகோபுரம் தெளிவாகத் தெரிந்தது. அதன் ஒரு பக்கம் உள்ளே வாங்கியிருந்தது. நடுநிலைகளில் யாரோ கட்டைவிரலால் அழுத்திய மாதிரி. கீழே நேராக இருக்கிறது, மேலே கலசமெல்லாம் நேராக இருக்கிறது. நடுவில் பள்ளம்.

கோபுரத்தில் ஸ்கேனர் இல்லை. பூஞ்சையும் இல்லை.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பள்ளம். வலது கண்ணைப் பொத்தினேன். என் உதவாக்கரை இடது கண்ணில் ராஜகோபுரம் வெறும் வண்ணப் பூச்சாக, கலங்கலாக, ஆனால் நேராக நின்றது.

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

இவரைக் கூப்பிட்டு, கோபுரத்தில் ஏதாவது வேலை நடக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லையே என்றார். என் முகத்தையே பார்த்தார். கேளுங்களேன் என்று மனசுக்குள் சொன்னேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போனால் முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதே என்பார். கூட்டத்தில் பேசுவதும் போகும். நாலு வரிசை பாக்கி இருக்கிற ஆல்பம் அப்படியே கிடக்கும். இருபத்தெட்டாம் தேதி கூட்டம். முடியட்டும். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

டிசம்பர் 24, புதன்

பென் டிரைவில் எல்லாப் படத்தையும் போட்டு ரஃபீக்குக்குக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் போன் பண்ணினான். குரலில் ஒரு தயக்கம். படத்தையெல்லாம் சரிபார்த்துட்டீங்களாம்மா என்றான். ஒவ்வொன்றும் கையால் துடைத்தது என்றேன். 

"சரிங்கம்மா" என்றான்.

டிசம்பர் 26, வெள்ளி

இன்று காலை எழுந்ததும் சுவர்க் கடிகாரத்தில் முள் இல்லை. வட்டம் மட்டும். சாம்பல் இருண்டுவிட்டது, காபி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டே நாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

உறையூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். நல்ல கூட்டம். இவரும் வந்தார், முதல் தடவையாக. பின்வரிசையில் உட்கார்ந்தார்.

பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணியிருந்தேன், காகிதம் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல். திருவிதாங்கூரில் ஆரம்பித்தேன். ரஃபீக் முதல் படத்தைத் திரையில் போட்டான். ஹால் அமைதியாகிவிட்டது. ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. என் படங்களின் அழகில் மெய்மறந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சங்கின் வளைவைப் பாருங்கள், அதன் வாயிலிருந்து வால் வரைக்கும் செதுக்கியிருக்கும் நுட்பத்தைப் பாருங்கள் என்று திரையைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். அடுத்த படம் என்றேன். அடுத்தது. அடுத்தது. ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் சங்கத்தில் கேள்வி கேட்காமல் ஒருவர் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நாலாவது படத்தில் ரஃபீக் நிறுத்திவிட்டான். அடுத்தது போடுப்பா என்றேன். அவன் எழுந்து என் பக்கத்தில் வந்து, மைக்கில் விழாதபடி சொன்னான்.

"அம்மா, இதுல சங்கு இல்லம்மா. எதுலயுமே இல்ல. எல்லாத்துலயும் நடுவுல அழிச்சு இழுவி வெச்சிருக்கு."

யார் அழித்தது என்று கேட்டேன். மைக்கில். எல்லாருக்கும் கேட்டது.

 இவர் பின்வரிசையிலிருந்து எழுந்து வரும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றார். நாளைக்கு முடியாது, ஏகாதசி முடியட்டும் என்றேன். நல்ல வார்த்தையாகத்தான் ஆரம்பித்தார், கையைப் பிடித்துக் கெஞ்சக்கூடச் செய்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊர் பூரா என்னை வேடிக்கை பார்த்த அன்றைக்கே ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வேண்டுமா?

பொய். அதுக்கில்ல. போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். கேக்கப் பயம்.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. விடிகாலைச் சொர்க்கவாசல் நெரிசல் வேண்டாம் என்று மத்தியானத்துக்கு மேல் மகாலட்சுமியோடு போனேன். நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்தில் ரத்னாங்கிக் கவசத்தில் சேவை சாதிக்கிறார். வரிசையில் நின்று, நகர்ந்து, தள்ளப்பட்டு, பெருமாளுக்கு நேரே வந்தோம்.

கிரீடம் தெரிந்தது. மாலை தெரிந்தது. கீழே பாதம் தெரிந்தது. தீபாராதனை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றுகூடத் தெரிந்தது. முகம் இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கே பார்த்தேனோ அங்கே இருட்டு. பக்கத்தில் எல்லோரும் ரங்கா ரங்கா என்கிறார்கள். மகாலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுகிறாள். வருஷா வருஷம் பார்த்த முகம். நான் கிரீடத்தைப் பார்த்தேன், அப்போது முகத்தின் நிழல் போல் ஏதோ கீழே வந்தது. அதைப் பார்க்கத் திரும்பினேன், போய்விட்டது. அதற்குள் நகருங்கோ நகருங்கோ என்று தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இவர் முன்னால் நின்றேன். எனக்குக் கண்ணு தெரியலங்க என்றேன். 

டிசம்பர் 31, புதன்

டாக்டர் சின்னப் பெண். படமெல்லாம் எடுத்தபிறகு ஒரு அட்டையைக் கையில் கொடுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கோடு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். தபால்தலையைத் தனித்தனியாகக் கிழிக்காத முழுத்தாள் இப்படித்தான் இருக்கும். ஒன்றரை மாதமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

லென்ஸுக்கு ஒன்றுமில்லையாம். பின்னால் விழித்திரையின் நடுவில் கசிவு. ரொம்ப நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, போன வாரம் ரத்தமே கொட்டியிருக்கிறது, தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது என்றாள். இருபத்தாறாம் தேதி என்றேன். கடிகாரத்தில் முள் காணாமல் போன நாள். அதுக்கு முன்னாடி வளைஞ்சு தெரியலையா, ஏன் வரல என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஸ்கேனர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன் என்றேன்.

கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். மாதம் ஒன்று. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற. போனது வருமா என்று இவர்தான் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். எனக்கு அதுவே போதும்.

ஜனவரி 6, செவ்வாய்

ஊசி ஒன்று ஆயிற்று. எழுதுவது எங்கே போகிறது என்று தெரியவில்லை, அதனால் ஸ்கெட்ச் பேனா.

சாயங்காலம் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் உள்ளங்கையில் ஏதோ வைத்தார். மெல்லிய பிளாஸ்டிக் உறை. உள்ளே சின்னச் சின்னதாக ஆறு. விரலை ஓட்டியதும் பல்வரிசை தட்டுப்பட்டது. 

"குப்பைய கொட்டப் போனப்போ பேப்பர் பிரிஞ்சிடுச்சு. பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு, இவ ஏன் போடுறான்னு எடுத்து பர்ஸ்ல வெச்சேன்."

நல்லாத்தானே இருக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சுதா என்றேன். தெரிஞ்சுது என்றார். அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா?

"கேட்டா நீ கத்துவே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழுதுவிட்டார். கல்யாணமானதிலிருந்து நான் அவர் அழுது பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, சத்தம்தான்.

ரஃபீக் ஒரு தடவை சொன்னான், கடையில் வைத்து அவமானப்படுத்தினேன். மகாலட்சுமி நாய் மேல் பழியைப் போட்டாள். இவர் குப்பையிலிருந்து எடுத்து பர்ஸில் ஒளித்து வைத்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் என்னைக் கண்டு பயம். நான் என்ன புலியா? ஆமாம் போலிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மகாலட்சுமி வந்து கோலம் போட்டாள். நான் சொல்லச் சொல்லத்தான் போட்டாள். இரண்டு இடத்தில் தப்பு என்றேன். எப்படிக்கா தெரிஞ்சுது என்றாள். தெரியவில்லை, எப்போதும் அந்த இடத்தில்தான் தப்புவாய் என்றேன். சிரித்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரஃபீக் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். இவருக்கு ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கொடுக்கிறான். பாய்லர்காரர் இடுக்கி பிடிக்கும் அழகைப் பார்க்க முடியவில்லையே என்று ஒரு வருத்தம் எனக்கு. கறுப்பு அட்டையை மறந்துவிடுகிறார், நான் சத்தம் போட்டால்தான் வைக்கிறார். இப்போதெல்லாம் திருப்பிச் சத்தம் போடவும் செய்கிறார். போடட்டும்.

இன்று திருவிதாங்கூர் ஆறும் முடிந்தது. டிவியில் இணைத்துப் பெரிதாகப் போட்டார்கள். நாலு சக்கரம் பச்சை. எப்படி வந்திருக்கு என்றேன். சங்குல ஒவ்வொரு வரியும் தெரியுதும்மா என்றான் ரஃபீக். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, இதுக்காடி நீ இத்தனை வருஷம் குனிஞ்சு உட்கார்ந்திருந்தே என்றார். கேலி இல்லை அந்தக் குரலில்.

நான் இழுவிக் கெடுத்த பழைய படங்களையெல்லாம் அழித்துவிடலாமா, இடத்தை அடைக்கிறது என்று ரஃபீக் கேட்டான். கொஞ்சம் இரு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போடு என்றேன். போட்டான். இடது பக்கம் நான் கெடுத்தது, வலது பக்கம் இவர் எடுத்தது என்றான்.

டிவிக்குக் கிட்டே போய் நின்றேன். இடது பக்கத்தைப் பார்த்தேன். பச்சைச் சட்டம், மூலையில் எழுத்து, நடுவில் சாம்பல். வலது பக்கத்தைப் பார்த்தேன். பச்சைச் சட்டம், மூலையில் எழுத்து, நடுவில் சாம்பல். மறுபடி இடது, மறுபடி வலது. இருவரும் என் பின்னால் நின்றார்கள்.

அழிக்க வேண்டாம் என்றேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.